செல்பேசிக்குப் பின்னால் மறைந்திருந்த வாசிப்புக் குறை: குடியாத்தம் வட்டாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்டில், வேலூர் மாவட்டம் குடியாத்தம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு நடுநிலைப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாயார் எழுந்து, தம் மகள் எந்நேரமும் செல்பேசியும் கையுமாக இருப்பதாகவும், வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதாகவும், ஆசிரியர்கள்தான் கண்டிக்க வேண்டும் என்றும் முறையிட்டார். இத்தகைய முறையீடு இல்லாத கூட்டம் இப்போது அரிது. இந்த மாணவியின் நிலையைத் தனியே எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒன்று உண்டு. செல்பேசியை எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்ற கேள்வியோடு நாங்கள் நின்றிருந்தால், அவளுடைய உண்மையான இடர்ப்பாடு எட்டாம் வகுப்பு முடியும் வரை யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராகப் பணியாற்றும் நான், அப்பள்ளியின் தமிழாசிரியருடனும் வகுப்பாசிரியருடனும் சேர்ந்து அந்தக் கல்வியாண்டு முழுவதும் இம்மாணவியைக் கவனித்தேன். குடும்பத்தாரின் ஒப்புதலுடன் இது எழுதப்படுகிறது. பெயர்களும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

குடும்பமும் கல்விப் பின்னணியும்

தாயார் ஆம்பூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். காலை ஏழு மணிக்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். வீடு திரும்ப இரவு ஏழரை ஆகும், ஓவர்டைம் இருந்தால் இன்னும் தாமதமாகும். தந்தை பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மாதம் இரண்டு முறை வந்தால் அதிகம். வீட்டில் இருப்பவர் தாயைப் பெற்ற ஆயா. அவர் பீடி சுற்றுகிறார். முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் கணக்கு முடியும் வரை அவர் கை ஓயாது. மாணவிக்கு நான்கு வயதில் ஒரு தம்பி உண்டு. தாயாரின் பழைய செல்பேசி வீட்டிலேயே இருக்கிறது. தந்தை ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணியளவில் காணொலி அழைப்பில் பேசுவது அதில்தான். பள்ளியின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் அதில்தான். தம்பிக்குச் சோறு ஊட்டுவதும் அதைக் காட்டித்தான்.

“செல்லு குடுத்தாதான் சின்னது வாயத் தொறக்குது சார், நான் பீடி இலை வெட்டறதா, அதப் புடிச்சிக்கினு ஒக்கார்றதா?” என்று ஆயா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் அந்த வீட்டில் எந்தத் திட்டத்தையும் தொடங்கியிருக்க முடியாது.

மாணவி முதல் வகுப்பில் சேர்ந்தது 2019 ஜூனில். அந்த ஆண்டு முடிவதற்குள், 2020 மார்ச்சில், கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அப்போது அவள் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு அறையை அவள் பார்த்ததே இல்லை. 2022 ஜனவரியில் மறுபடியும் மூடிப் பிப்ரவரியில் திறந்தார்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்காக, அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் உறுதிசெய்யும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தபோது அவள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள். மறு ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டதால் கடைசி ஓராண்டு மட்டும் அதன் பயன் கிடைத்தது. தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித்தந்த, தெருவிலேயே நடந்த இல்லம் தேடிக் கல்வி மையத்துக்கு ஏன் ஒழுங்காகப் போகவில்லை என்று விசாரித்தபோது, அந்த மாலை நேரத்தில் கைக்குழந்தையாக இருந்த தம்பியை வைத்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று தெரிந்தது. இந்த ஆண்டுக் கணக்கை இங்கே விரித்து எழுதுவதற்குக் காரணம், இவளோடு 2019இல் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் அனைவருக்கும் ஏறத்தாழ இதுவே கதை என்பதும், அவர்களுடைய பெற்றோர் பலர் இதை மறந்துவிட்டுக் குறை முழுவதையும் செல்பேசியின் மேல் போடுகிறார்கள் என்பதும்தான்.

கண்டறிந்தவை

வகுப்பாசிரியர் முதலில் தந்த குறிப்பு இம்மாணவியைப் பற்றி நல்ல விதமாகவே இருந்தது. வீட்டுப்பாடம் தவறாமல் முடித்திருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பாடக் குறிப்பேடுகளில் கேள்வி பதில்கள் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. ஆனால் வகுப்புத் தேர்வுகளில் ஒற்றை இலக்க மதிப்பெண். “வீட்டில் படிக்கிறாள், தேர்வில் பயந்துவிடுகிறாள்” என்பது ஆசிரியரின் கணிப்பு.

குறிப்பேட்டில் அவளே எழுதியிருந்த ஒரு விடையைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு பத்தியை, குடியாத்தத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மோர்தானா அணையைப் பற்றி எழுதிக் கொடுத்தோம். ‘மழை’, ‘அணை’, ‘மரம்’ போன்ற சொற்களைச் சட்டென்று படித்தாள். ‘வெள்ளம்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும் நின்றாள், ‘வ’ என்றாள், ‘வே’ என்றாள், பின்பு என் முகத்தைப் பார்த்து ‘வேலூர்’ என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவினாள். ‘கொக்கு’ என்பதைக் ‘காக்கா’ என்று படித்தாள். எழுத்துக்கு முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் துணைக்காலும் சேர்ந்து ஒரே ஒலியைத் தரும் இடங்களில் அவள் துணைக்காலை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டாள். முதல் எழுத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த ஒரு சொல்லை ஊகித்து வைத்துவிடுவது அவளுடைய வழக்கமாகி இருந்தது. நிமிடத்துக்கு இருபது சொற்களைக்கூட அவளால் எட்ட முடியவில்லை. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் 2021இல் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவுக்கு நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் என்று வரையறுக்கிறது. சொற்கள் புணர்ந்து நீளும் தமிழுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் இந்த இடைவெளி எண்ணிக்கைத் தகராறில் அடங்குவதன்று.

படிக்கத் தெரியாத பெண் பிழையில்லாமல் வீட்டுப்பாடம் எழுதியது எப்படி என்பதை அவளே செய்து காட்டினாள். பாடத்தின் பெயரையும் வகுப்பையும் ஒலிவாங்கிக் குறியை அழுத்திச் சொல்கிறாள். விடைகளை எழுத்து வடிவில் காட்டும் காணொலிகள் வரிசையாக வருகின்றன. அவற்றுள் ஒன்றை நிறுத்தி வைத்து, திரையில் உள்ளதைக் கோலம் பார்த்துப் போடுவது போல வரிவடிவமாகப் பார்த்து எழுதுகிறாள். எழுதி முடித்த பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறாள். ஆசிரியர் கட்டைவிரல் குறியிட்டுப் பாராட்டுகிறார். இதில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் அவளிடம் இல்லை. வீட்டுப்பாடம் என்றால் இதுதான் என்றே அவள் நினைத்திருந்தாள். ஒலியால் தேடி, படத்தால் அறிந்து, பார்த்து எழுதித் தப்பித்துக்கொள்ளும் வழியைச் செல்பேசி கொடுத்திருந்ததால், நான்கு ஆண்டுகளாக அவளுக்கு வாசிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

செல்பேசியில் பொத்தான்களை எப்படி அடையாளம் காண்கிறாய் என்று கேட்டதற்கு, “நீலமா இருந்தா தொட்டா போகும் சார், செவப்பா இருந்தா தொடக் கூடாது” என்றாள். எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பேசியிருக்கிறேன். திரையில் உள்ள எழுத்தைப் படிக்க முடியாத ஒரு பிள்ளைக்கு அந்த அறிவுரைகள் எதுவும் போய்ச் சேராது என்பதை அந்த ஒரு விடை எனக்குத் தெளிவாக்கியது.

செல்பேசியின் பயன்பாட்டுப் பதிவைத் தாயாரின் முன்னிலையில் திறந்து பார்த்தோம். பள்ளி நாள்களில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்தை ஒட்டி இருந்தது. அதில் பெரும்பகுதி குறுங்காணொலிகள். ஒரு பகுதி தம்பிக்காக ஓடிய பாட்டுக் காணொலிகள். இரவு பதினொன்றைத் தாண்டியும் பார்த்திருக்கிறாள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது உறக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. இவளுக்கு ஏழு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. காலை முதல் பாடவேளையில் கண் சொருகியதற்குக் காரணம் அதுவே.

முதலில் நடந்தது

இந்த முடிவுகளை எடுத்துச் சொல்வதற்கு முன்பே தாயார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். செல்பேசியின் பூட்டுக் கோலத்தை மாற்றி, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். மாணவி பக்கத்து வீட்டு அக்காளின் செல்பேசிக்குப் போனாள். வீட்டுப்பாடம் நின்றது. தம்பி சாப்பிட மறுத்தான். ஆயாவின் பீடிக் கணக்குக் குறைந்தது. இரவில் தாயார் வரத் தாமதமான நாள்களில் தந்தையின் அழைப்பை எடுக்க ஆளில்லை. நாலைந்து நாள்களில் பீரோ திறந்துவிட்டது. தாயாரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஊரே அவருக்குச் சொன்ன வழி அதுதான். இருந்தாலும், செல்பேசியைப் பறித்ததால் அவள் ஓர் எழுத்தைக்கூடக் கூடுதலாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும், தந்தையோடு இருந்த ஒரே தொடர்பும் அறுந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மேற்கொண்ட பணி

வாசிப்பைத் திருத்துவதே முதல் வேலை என்று முடிவு செய்தோம். தமிழாசிரியர் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முந்திய அரை மணி நேரத்தை இதற்காக ஒதுக்கினார். அவள் ஒருத்தியை மட்டும் அழைத்தால் கூச்சப்படுவாள் என்பதால், ஆறு, ஏழாம் வகுப்புகளில் வாசிப்பில் தடுமாறிய மற்ற பிள்ளைகளையும் சோதித்துச் சேர்த்துக்கொண்டோம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, கொம்பும் துணைக்காலும் சேர்ந்த எழுத்துகள் என்று முறையாகச் சென்று, ‘கெ’யையும் ‘கொ’வையும் அடுத்தடுத்து வைத்து வேறுபாட்டை வாயால் சொல்ல வைத்தார். ஊகித்துப் படிப்பதை நிறுத்த, பொருளில்லாத எழுத்துக் கூட்டங்களையும் இடையிடையே கலந்து கொடுத்தார். அட்டைகளும் கரும்பலகையும் தவிர இதற்கு வேறு கருவி எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து, அதே செல்பேசியை வாசிப்புக்குத் துணையாக மாற்றினோம். இந்த நிகழ்வில் நான் மிகுதியும் மதிக்கும் பகுதி இது. ஆயா பேச்சில் வல்லவர். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை, வைகாசி முதல் நாள் குடியாத்தம் கோபாலபுரத்தில் கூடும் கூட்டத்தை, 2021 நவம்பரில் மோர்தானா நிரம்பிக் கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்த நாளை அவர் பீடி சுற்றிக்கொண்டே சொல்வார். மாணவி அதைச் செல்பேசியில் ஒலிப்பதிவு செய்தாள். பிறகு துண்டு துண்டாக ஓடவிட்டுக் கேட்டு எழுதினாள். “ஆத்துல தண்ணி நொர பொங்கினு வந்துச்சு” என்று ஆயா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தாள். ‘நொர’ என்பதில் கொம்பும் துணைக்காலும் சரியான இடங்களில் இருந்தன. தமிழாசிரியர் பேச்சு வழக்கை அடித்துத் திருத்தாமல், பக்கத்திலேயே “ஆற்றில் தண்ணீர் நுரை பொங்க வந்தது” என்று எழுதி இரண்டையும் படிக்கச் சொன்னார். தனக்குப் பொருள் தெரிந்த, தன் வீட்டில் பேசப்பட்ட வாக்கியம் என்பதால் அவள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தைப் பார்த்தே படித்தாள். திரையில் பார்த்து வரைந்துகொண்டிருந்த கை, காதால் கேட்டதை எழுத்தாக்கத் தொடங்கியது அப்போதுதான்.

தந்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர், நாளிதழ் வாசிப்பவர். அவர் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நாள்தோறும் மாணவி ஒரு சிறு பத்தியை இரண்டு மூன்று முறை படித்துப் பழகி, வாய்ஸ் மெசேஜாகத் தந்தைக்கு அனுப்ப வேண்டும். இரவு அழைக்கும்போது அவர் அதைப் பற்றிப் பேசுவார். “கடைசி வரியில ஓடிட்ட கண்ணு, நைனாவுக்கு இன்னொரு வாட்டி நிறுத்திப் படி” என்று அவர் அனுப்பியிருந்த பதிலை மாணவி எங்களிடம் போட்டுக் காட்டினாள். வழிகாட்டுதலோடு ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப உரக்கப் படிப்பது சரளத்தையும் புரிதலையும் வளர்க்கிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. பெங்களூரில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் ஒரு தொழிலாளி அந்த வழிகாட்டியாக இருக்க முடிந்தது செல்பேசியால்தான்.

வீட்டுப்பாடத்தில் பள்ளிதான் மாற வேண்டியிருந்தது. எழுதிய பக்கத்தைப் படமெடுத்துக் குழுவில் போடும் முறையை ஆறாம் வகுப்பில் நிறுத்தினார்கள். மறுநாள் வகுப்பில் ஏட்டை மூடி வைத்துவிட்டு, நேற்றைய பாடத்தில் நினைவிருப்பதை இரண்டு வாக்கியம் சொல்வது வீட்டுப்பாடமாயிற்று. படித்ததை மறுபடி பார்ப்பதைவிட நினைவிலிருந்து மீட்டுச் சொல்வதே நீண்ட நாள் நிலைக்கிறது என்பதை ரோடிகர், கார்பிக் ஆகிய உளவியலாளர்கள் 2006இல் சோதனைகளால் காட்டினார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் ஒப்பித்தலுக்கு இருந்த இடத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டின் வழியே திறக்கும் காணொலிகளுக்கும் இதே விதிதான். பார்த்து முடித்ததும் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆயாவிடம் சொல்ல வேண்டும். ஆயாவுக்கு அறிவியல் தெரியாது என்பது இதில் ஒரு வசதி. அவர் கேட்கும் கேள்விகளுக்கு விளங்கும்படி பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டு ஏற்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். காணொலிகள் தாமாக அடுத்தடுத்து ஓடும் அமைப்பை நிறுத்தினோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் செல்பேசி தாயாரின் தலைமாட்டில் சார்ஜில் இருக்கும், பாய்க்கு வராது. தம்பியின் செய்தி கொஞ்சம் கடினமாக இருந்தது. இரண்டு முதல் ஐந்து வயது வரை பெரியவர் உடனிருக்க நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் திரை என்பது இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல். அவனை அங்கன்வாடிக்கு ஒழுங்காக அனுப்பத் தொடங்கியதும் பகல் உணவின் சிக்கல் தானே தீர்ந்தது. ஆயாவின் கேள்விக்கு எங்களால் தர முடிந்த விடை அது. இரவு உணவுக்கு இன்னும் சில நாள்களில் செல்பேசி வரத்தான் செய்கிறது. சுவரில் ஒட்டிய கால அட்டவணை தாயாரின் ஓவர்டைம் மாதத்தில் கிழிந்து போயிற்று. அதை நாங்களும் மீண்டும் ஒட்டவில்லை.

விளைவுகளும் எஞ்சியவையும்

அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் பெரிதாக உயரவில்லை. தாயாருக்கு ஏமாற்றம். ஆனால் வினாத்தாளைத் தானே படித்தாள் என்பதை நாங்கள் அவருக்கு விளக்கினோம். 2025 மார்ச்சில், தெரியாத ஒரு பத்தியை நிமிடத்துக்கு ஐம்பது சொற்களை ஒட்டிப் படித்தாள். ‘வெள்ளம்’, ‘கொக்கு’ போன்ற சொற்களில் தடுமாற்றம் இல்லை. ண, ன மயக்கமும் ழ, ள மயக்கமும் எழுத்தில் நீடிக்கின்றன.

செல்பேசிப் பயன்பாடு பள்ளி நாள்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குறுங்காணொலிகள் பழையபடியே ஓடுகின்றன. இதைத் தோல்வியாக நான் கருதவில்லை. என்ன பார்க்கிறாள் என்பதில் வந்த மாற்றம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முன்பு வந்ததையெல்லாம் பார்த்தவள், இப்போது தலைப்பைப் படித்துவிட்டுத் தள்ளுகிறாள். ஜனவரியில் பீடித் தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவித்தொகை என்று ஒரு செய்தி தெருவில் சுற்றியது. ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் கேட்டது. நீல நிறத்தில் இருந்த இணைப்பைத் தொடாமல், செய்தியை ஆயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டி, மறுநாள் செல்பேசியையே பள்ளிக்கு எடுத்துவந்து ஆசிரியரிடம் கேட்டாள். அது போலி. அப்போதுதான் வகுப்பு முழுவதற்கும் இணையக் குற்றங்களுக்கான 1930 எண்ணையும், குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் சொல்லிக்கொடுத்தோம். ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தாலும், படிக்கத் தெரியாத நிலையில் அவளுக்கு அது பயன்பட்டிருக்காது.

ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும் என்றும், அவர்களுள் முந்திய வாரத்தில் கல்விக்காக அதைப் பயன்படுத்தியோர் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 விழுக்காடு என்றும் ஊரகப் பிள்ளைகளின் கல்வி நிலையை வீடு வீடாகக் கேட்டறியும் ஏசர் (ASER) ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கிறது. இந்த மாணவியை ஆகஸ்டில் கேட்டிருந்தால், வீட்டுப்பாடக் காணொலிகளை வைத்து அவளும் கல்விக்குப் பயன்படுத்துவோர் வரிசையிலேயே சேர்ந்திருப்பாள். ஆகவே கல்விப் பயன்பாடு என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அந்த நேரத்தில் கையும் கண்ணும் என்ன செய்கின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறையாவது பார்க்குமாறு எங்கள் வட்டாரத்து ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முழுவதும் தடை செய்யச் சொல்வோரும், செயலிகளை நிறுவிக் கொடுத்தால் போதும் என்போரும் கருவியைப் பற்றியே பேசுகிறார்கள்; அந்தக் கருவியைக் கொண்டு பிள்ளை எதைத் தவிர்க்கிறது என்பதை இரு சாராரும் கேட்பதில்லை.

மாணவி இப்போது ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். புதிய வகுப்பாசிரியரிடம் மூன்று செய்திகளை எழுத்தில் தந்திருக்கிறோம். ஆங்கில வாசிப்பு இன்னும் எழுத்தளவிலேயே நிற்கிறது; கணக்கில் வகுத்தல் வரவில்லை; தந்தைக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜ், அவர் வேலைத்தளம் மாறும் மாதங்களில் நின்றுவிடுகிறது, அப்போது வகுப்பில் யாராவது கேட்க வேண்டும். காலை அரை மணி நேர வாசிப்புக் குழுவைத் தமிழாசிரியர் இந்த ஆண்டும் தொடர்கிறார். இம்முறை ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் அனைவரையும் முதல் வாரத்திலேயே, குறிப்பேட்டைப் பார்க்காமல், உரக்கப் படிக்க வைத்துச் சோதித்துவிட்டார்.